கறுக்காத ஜரிகை

காஞ்சிபுரத்தில் சுவர் என்று ஒன்று இருந்தால் போதும், அதில் லோகேஸ்வரானந்தா சிரித்துக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் சிரித்தார். பட்டுக்கடை ஷட்டர்களில் சிரித்தார். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்த இடத்திலும் அந்த வேண்டுகோளுக்கு மேலேயே நின்று சிரித்தார். அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'இமயத்தில் பாவவிமோசன குண்டம்! உங்கள் பாவத்தை உங்கள் கண்ணாலேயே காணுங்கள்!'

பாவத்தை மறைக்கத்தான் மனிதன் படாத பாடு படுகிறான். அதை நாலு பேர் முன்னால் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஊர் தலைதெறிக்க ஓட வேண்டும் அல்லவா? ஓடியது. அவரை நோக்கி ஓடியது. முன்பதிவு நடந்த கல்யாண மண்டபத்தில் செருப்பு விட இடமில்லை. இந்த ஊரில் ஒரு தெருவில் சிவன், அடுத்த தெருவில் பெருமாள், திரும்பினால் அம்மன். இத்தனை பேரும் சேர்ந்து தீர்க்காத பாவத்தை ரயிலேறிப் போய்த் தீர்க்கப் போகிறோம் என்பது உள்ளூர்த் தெய்வங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

லோகேஸ்வரானந்தா ஒரு காலத்தில் வெறும் லோகேஸ்வரன். ஏனாத்தூர்ப் பக்கம் பழைய பைக் வாங்கி விற்றவர். கல்லூரிப் பையன்கள் தலையில் கட்டுவதற்கு முன்னால் வண்டி ஓடிய மீட்டரைத் திருப்பி வைப்பதில் கைதேர்ந்தவர். ஒரு நாள் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தாடியும் 'ஆனந்தா'வும் சேர்ந்திருந்தன. பைக் ஓடிய தூரத்தைக் குறைத்தவர், இப்போது மனிதர்கள் செய்த பாவத்தைக் குறைக்கிறார். தொழில் ஒன்றுதான், சரக்குதான் வேறு.

அவருடைய முறை எளிமையானது. வீட்டிலிருக்கும் கல்யாணப் பட்டின் முந்தானைக் குச்சத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை உருவிக்கொண்டு வர வேண்டும். அதில் பெயர்ச் சீட்டைக் கட்டி, இமயமலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றில் இறக்க வேண்டும். பாவி என்றால் இழை கறுக்கும். புண்ணியவான் என்றால் மின்னும். கறுத்தவர்களுக்குப் பரிகார ஹோமம் உண்டு. அவர் விட்ட வீடியோவில் பக்தர்களின் இழைகள் எல்லாம் கரிக்கட்டையாக இருக்க, அவருடைய இழை மட்டும் பளபளவென்று மின்னியது. அதை அவர் தம் தோளில் கிடந்த பொன்னாடையிலிருந்து எல்லார் கண்ணெதிரிலும் உருவினார். ஊர் வாயைப் பிளந்தது.

ஏன் ஜரிகை என்று கேட்கிறீர்களா? ஆள் ஊரின் நாடி தெரிந்தவர். காஞ்சிபுரத்துக்காரனிடம் மோட்சத்தைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவான். ஜரிகையைப் பற்றிச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவான்.

நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். என் மனைவி புவனேஸ்வரி பணம் கட்டிவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள்.

"நான் வரலம்மா. எனக்கு இந்தச் சாமியாருங்களைப் பாத்தாலே ஒத்துக்காது."

"நீங்க பனியைப் பாருங்க. பாவத்தை நான் பாத்துக்கறேன்."

இப்படி ஒரு நியாயமான ஒப்பந்தம் எங்கள் இல்லற வாழ்வில் அதற்கு முன் ஏற்பட்டதில்லை. கிளம்பிவிட்டேன்.

யாத்திரையின் பெரிய புள்ளி முனிரத்தினம். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர். சாமியாரின் போஸ்டர், பேனர், தொப்பி எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அவர் படமும் இருக்கும். கூடவே மகன் பாலாஜி. அவனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் அனு. கூரத்தில் தறி போட்டிருக்கும் கோதண்டபாணியின் மகள், புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை அவளுக்கு. இரண்டு குடும்பமும் குண்டத்தில் இழை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பத்திரிகை அடிக்க வேண்டும் என்று சாமியார் உத்தரவு. அதற்காகக் கோதண்டபாணி மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கோதண்டபாணிக்குப் பயம். அவருடைய பயம் பாவத்தைப் பற்றியது அல்ல. மனைவி இல்லாமல் வளர்த்த ஒரே பெண். அவளை யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான்.

ரயிலில் தில்லி வரை போய், அங்கிருந்து பேருந்தில் மலை ஏறினோம். சந்திரதாரா பள்ளத்தாக்கு என்று பெயர். நான் பொய் சொல்ல மாட்டேன், மூச்சு நின்றுவிட்டது. கீழே நுரைத்துக்கொண்டு ஓடும் ஆறு, அதன் இரு கரையிலும் தேவதாரு மரங்கள், மேலே வெயில் பட்டுக் கண் கூசும் பனிமலை. சாலையோரத்தில் ஆப்பிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இவ்வளவு அழகைப் பார்த்தவன் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் சாமியாரின் கையில் மைக் இருந்தது.

பள்ளத்தாக்கில் ஒரு கல்கூட சும்மா கிடக்கவில்லை. இந்தப் பாறை பீமன் படுத்தது. அந்தப் பாறை பீமன் புரண்டு படுத்தது. இது திரௌபதி தலை வாரிய அருவி. பாண்டவர்கள் காட்டில் இருந்தது பன்னிரண்டு ஆண்டு. அவர்கள் தங்கியதாகச் சொல்லும் இடங்களில் இடத்துக்கு ஒரு ராத்திரி என்று வைத்தாலும் இன்னும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். உமாதேவி காஞ்சியில் மாமரத்தடிக்குத் தவம் செய்ய வருவதற்கு முன்னால் இங்கேதான் ஒத்திகை பார்த்தாளாம். அதைக் கேட்டுப் பேருந்தே கைதட்டியது. நம்மூர்ப் பெயர் வந்துவிட்டது அல்லவா!

ஓரிடத்தில் பேருந்தை நிறுத்தி, "இங்கேதான் ஜடாயு வீழ்ந்தான்" என்றார் சாமியார்.

தறியில் பாவு நூலைப் பிணைக்கும் வேலை செய்கிற ஜெயம்மாள், எதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுகிற பெண்பிள்ளை, எழுந்து நின்றாள். "இன்னா சாமி, ஜடாயுவுக்கு ராமரு காரியம் பண்ணது நம்ம திருப்புட்குழியில தான? அங்க கோயிலே இருக்குதே!"

சாமியார் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "அம்மா, அங்கே விழுந்தது உடம்பு. இங்கே விழுந்தது றெக்கை."

"ஆங், அப்படிச் சொல்லு!" என்று ஜெயம்மாள் திருப்தியோடு உட்கார்ந்தாள். திருப்புட்குழிக்கும் இமயமலைக்கும் நடுவே அந்தப் பறவை எப்படிப் பிரிந்து விழுந்தது என்று நான் கேட்க வாயெடுத்தேன். புவனேஸ்வரி என் தொடையில் கிள்ளினாள்.

குண்டம் வருவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம். மூக்கைப் பொத்தப் போனவர்களைச் சாமியார் தடுத்தார். "ரிஷிகள் செய்த யாகத்தின் வாசனை. ஆழமா இழுங்க." இழுத்தார்கள். இருமினார்கள். இருமியது பாவம் வெளியேறுகிறதாம். பாறை நடுவே ஒரு சிறு குளம், அதில் தண்ணீர் கொதித்துக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் துணியில் அரிசியைக் கட்டி அதில் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாவம் பார்க்க நேரமில்லை, பசி.

ஒரு மூங்கில் கழியில் எல்லாருடைய இழைகளையும் வரிசையாகக் கட்டினார்கள். சாமியார் தம் பொன்னாடையிலிருந்து உருவிய இழையை நடுவில் கட்டினார். முனிரத்தினம் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார்.

"இது கூறைப்புடவை இழைப்பா. என் மருமவளுக்குன்னு நானே நின்னு நெய்யச் சொன்னது. சுத்த ஜரிகை. இன்னும் பொண்ணு வீட்டுக்கே காட்டல, முகூர்த்தத்தன்னிக்குத்தான் பாக்கணும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக் கட்டினார்.

கோதண்டபாணி ஒரு காகித மடிப்பிலிருந்து தம் இழையை எடுத்தார். மகளின் நலங்குக்காக அவரே நெய்த புடவையில் உருவியது. அனுவின் பெயர்ச் சீட்டை அதில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

கழி தண்ணீருக்குள் இறங்கியது. நாங்கள் சாப்பிட்டோம், பஜனை பாடினோம். புவனேஸ்வரி அழுதாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. பிறகு கழியைத் தூக்கினார்கள்.

கறுப்பு. ஓர் இழை விடாமல் கறுப்பு. கூட்டம் 'ஐயோ' என்றது. புவனேஸ்வரி என்னைத் திரும்பி முறைத்தாள். அவள் பெயரில் கறுத்தது என் கணக்காம். எல்லாவற்றிலும் அனுவின் இழைதான் மோசம், தார் பூசியது போல. நடுவில் சாமியாரின் இழை மட்டும் மின்னியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் மின்னியது.

சாமியார் அதைப் பார்த்து ஒரு நொடி விழித்தார். அந்த விழிப்பை நான் பார்த்தேன். அவரே எதிர்பார்க்கவில்லை. ஆனால் பழைய பைக் விற்ற வாய் அல்லவா! "முனிரத்தினம்! மகா புண்ணியவான்! இத்தனை வருஷத்துல எனக்குப் பக்கத்துல மின்னின ஒரே இழை!"

கூட்டம் முனிரத்தினத்தின் காலில் விழுந்தது. ஜெயம்மாள் அவர் கால் தூசியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முனிரத்தினம் முதலில் கூச்சப்பட்டார், பிறகு வாகாகக் காலை நீட்டிக்கொண்டார்.

சாமியார் அனுவின் இழையைக் கையில் எடுத்து உச்சுக்கொட்டினார். "பொண்ணுக்கு ஏழு தலைமுறை தோஷம். இது போற வீடு விளங்காது."

அந்த வார்த்தை விழுந்ததும் கோதண்டபாணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சாமியாரைக் கும்பிட்டார், முனிரத்தினத்தைக் கும்பிட்டார், சும்மா நின்றவர்களையும் கும்பிட்டார். "சம்பந்தி, பரிகாரம் இன்னா சொன்னாலும் செஞ்சிடறேன். பொண்ணைப் பத்தி அப்படி நெனைக்காதீங்க."

"இன்னும் சம்பந்தி ஆகலியேப்பா" என்றார் புண்ணியவான். "நாளைக்குக் காலைல ஹோமம் பண்ணட்டும். அப்பவும் கறுத்துச்சுன்னா நம்ம பேச்சு முடிஞ்சுது. நான் ஊர்லயும் நாலு பேருக்குச் சொல்லித்தான் ஆவணும்."

ஊரில் நாலு பேருக்குச் சொன்னால் அந்தப் பெண்ணைத் தேடி வேறு யார் வருவார்கள்? அது அவருக்குத் தெரியும். கோதண்டபாணிக்கும் தெரியும். பாலாஜி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மலையில் யாருக்கும் சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாத போனை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. அனு அழவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹோமத்துக்காகப் பித்தளைத் தாம்பாளம் சுற்றி வந்தது. மோதிரம், மூக்குத்தி, கொலுசு எல்லாம் அதில் விழுந்தன. புவனேஸ்வரி தன் கம்மலைக் கழற்றினாள். நான் கையைப் பிடித்தேன். "பாவி சும்மா இருங்க" என்றாள். அது வசவா, குண்டத்தின் தீர்ப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் தேநீர் குடிக்கச் சமையல் கொட்டகைக்குப் போனேன். எங்கள் சமையல்காரர் தாவீது குண்டத்திலிருந்து மொண்டு ஆறவைத்த தண்ணீரில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அனுவும் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். தாவீது தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணே?" என்றாள் அனு.

"என் வூட்டுக்காரி எஸ்தர் போட்ட வெள்ளி மோதிரம்மா. நேத்துதான் பவுடர் போட்டுத் தேச்சேன். பாரு, கரி மாரி ஆயிட்டுது. நான் ஞானஸ்நானம் எடுத்தவன், என்னை எதுக்கு இந்தக் குண்டம் வம்புக்கு இழுக்குது?"

அனு அந்த மோதிரத்தை வாங்கிப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "அண்ணே, எங்கப்பா பீரோல பூச்சி உருண்டை வைக்கவே விட மாட்டாரு. ஜரிகை கறுத்துடும், வெள்ளி இல்லையான்னு திட்டுவாரு. இன்னைக்கு அவரே நடுங்கிக்கினு நிக்கறாரு பாத்தீங்களா?"

உண்மைதான். காஞ்சிபுரத்தில் யாருக்கு அது தெரியாது? பட்டு விற்பவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். வெள்ளி கறுக்கும் என்று வீட்டில் தெரிந்தவர்களுக்கு மலையேறினால் மறந்துவிடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றுக் குறையும் என்பார்கள், அதோடு வேறு எது எது குறையும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை. ஹோமகுண்டம் மூட்டியாகிவிட்டது. தாம்பாளம் நிரம்பி சாமியாரின் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. ஹோமம் முடிந்ததும் அவரவருக்கு ஒரு 'பிரசாத இழை' தருவார், அதைத் தண்ணீரில் விட்டால் கறுக்காது, பாவம் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு பாருங்கள்! போகும்போது உங்கள் இழை, வரும்போது அவர் இழை.

அனு எழுந்து முன்னால் வந்தாள். "சாமி, ஹோமத்துக்கு முன்னாடி ஒரு தடவை. என் இழையை உங்க பேர்ல விடலாம். உங்க பொன்னாடை இழையை என் பேர்ல விடலாம்."

சாமியாரின் புருவம் ஏறியது. "தபஸ்வியின் இழையைப் பாவி தொடக் கூடாது."

"பாவம் மனுஷன்கிட்ட இருக்குதா, இழைகிட்ட இருக்குதா சாமி? மனுஷன்கிட்டன்னா எந்த இழையா இருந்தா இன்னா?"

"அனு, வாணாம்மா" என்று கோதண்டபாணி கையைப் பிடித்தார். ஆனால் ஜெயம்மாளுக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. "கேக்கறது நாயம் தான சாமி? வுட்டுதான் பாரு!" கூட்டமும் ஆமாம் போட்டது. தங்கள் சாமியார் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் அத்தனை ஆசை.

கோதண்டபாணி அதே புடவையிலிருந்து ஒரு புது இழை வைத்திருந்தார். அதில் லோகேஸ்வரானந்தாவின் பெயர் ஏறியது. பொன்னாடை இழையில் அனுவின் பெயர். கழி இறங்கியது. இந்த முறை யாரும் பஜனை பாடவில்லை. கண்ணிமைக்காமல் தண்ணீரையே பார்த்தார்கள். கழி ஏறியது.

ஏழு தலைமுறைப் பாவி மின்னினாள். மகா தபஸ்வி கறுத்துத் தொங்கினார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். நம் இருவருக்கும் நம் மக்களைத் தெரியவில்லை. சாமியார் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். கண்ணில் நீர். "குழந்தாய்! உன் ஏழு தலைமுறைப் பாவத்தையும் நானே வாங்கிக்கொண்டேன்!"

"சாமீ!" என்று கூட்டம் கதறியது. புவனேஸ்வரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். கண்ணுக்கு முன்னால் குட்டு உடைந்தும், உடைந்த ஓட்டைப் பொறுக்கிப் பூஜையில் வைக்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் அந்த மைக்கைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போலிருந்தது.

அனு அசையவில்லை. கூட்டத்தின் அழுகை ஓயும் வரை நின்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"நல்லது சாமி. பாவத்தை வுட்டுடுவோம். இப்ப ஜரிகையைப் பத்திப் பேசலாமா? உங்க பொன்னாடை மீட்டிங்ல தலைவருங்களுக்குப் போத்தறது. அதுல வெள்ளி கெடையாது, பிளாஸ்டிக். அதான் கறுக்கல. இங்க இருக்கற எல்லாருக்கும் அது தெரியும்." திரும்பினாள். "அப்படின்னா மாமாவோட கூறைப்புடவை இழை ஏன் கறுக்கல?"

எல்லார் கண்ணும் கழியில் இன்னும் மின்னிக்கொண்டிருந்த அந்த இழைக்குப் போனது.

கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் தறியில் உட்கார்கிறவர்கள், மீதிப் பேர் அவர்கள் நெய்ததை விற்கிறவர்கள். கடவுளைச் சொல்லி ஏமாற்றினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலில் விழுவார்கள். ஜரிகையில் ஏமாற்றினால்? கால்கள் ஒன்றொன்றாக முனிரத்தினத்தின் பக்கம் நகர்ந்தன.

முதலில் நேற்றுக் கால் தூசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஜெயம்மாள் போனாள். கழியிலிருந்து முனிரத்தினத்தின் இழையை அவிழ்த்தாள். கற்பூரத்துக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தாள். காஞ்சிபுரத்தில் சந்தேகம் வந்தால் செய்கிற வேலை அது. நெருப்பைக் கண்டதும் இழை சுருண்டது, உருகியது, கறுப்பு உருண்டையாகி அவள் நகத்தில் ஒட்டியது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் முட்டை நாற்றத்தையே தோற்கடித்தது. அடுத்து அனு வீட்டுக் கறுத்த இழையை எரித்தாள். உள்ளே இருந்த பட்டு, முடி கருகுவது போல் வாசம் விட்டு எரிந்தது, மேலே சுற்றியிருந்த உலோகக் கம்பி அப்படியே நின்றது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். வெள்ளி பல்லைக் காட்டியது.

"அடப்பாவி!" என்றாள் ஜெயம்மாள். இந்த முறை அந்தச் சொல் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. "சொந்த மருமவ கூறைப்புடவைக்கே பிளாஸ்டிக்கா? அப்ப எங்க சரக்குன்னு சொல்லி நீ விக்கறதுல இன்னா கலக்கறே? ஊர் பேரையே நாசம் பண்ணிட்டியே!"

முனிரத்தினத்துக்கு வியர்த்தது. பனிமலையில் வியர்த்த முதல் புண்ணியவான். "இல்லப்பா, இல்ல! என் ஜரிகை சுத்தம். இந்தத் தண்ணிதான் ஃப்ராடு! இது கந்தகத் தண்ணி. வெள்ளியைப் போட்டா கறுக்காம இன்னா பண்ணும்? சின்னக் குழந்தைக்குத் தெரியும். இந்த லோகு நம்மளை எல்லாம் ஏமாத்திட்டான்!"

பாருங்கள், நான் மூன்று நாளாக மனசுக்குள் கத்தியும் நடக்காதது ஒரு நிமிடத்தில் நடந்துவிட்டது. சாமியாரின் மோசடியை அவருடைய பெரிய பக்தரே விளக்கவுரையோடு சொல்லிவிட்டார்.

"சரி மாமா" என்றாள் அனு. "வெள்ளியைப் போட்டா கறுக்கும். உங்களோடது கறுக்கல. அப்ப?"

அதற்கு முனிரத்தினம் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேட்டியை இறுக்கிக்கொண்டு இடுப்பு வெள்ளி அரைஞாணை அறுத்தார். குண்டத்தின் ஓரத்தில் மண்டியிட்டு அதைத் தண்ணீரில் விட்டு ஆட்டினார். "பாருங்கப்பா! எனக்கும் கறுக்கும்! கொஞ்சம் பொறுங்க! நானும் பாவிதான்பா! உங்களை மாதிரி நானும் பாவிதான்!" நேற்று வரை புண்ணியத்தில் காலை நீட்டியவர், இன்று பாவியாக ஒப்புக்கொள்ளும்படி தண்ணீரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அரைஞாண் கறுத்ததும் அதைத் தூக்கிக் காட்டினார். "கறுத்துச்சு! பாத்தீங்களா, கறுத்துச்சு!"

"அரைஞாண் நகைக்கடையில வாங்கினது. பொடவை உன் கடையில வாங்கினது" என்றாள் ஜெயம்மாள்.

அதற்குள் மற்றவர்கள் தங்கள் கறுத்த இழைகளைத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள். நேற்றுத் தலைகுனிந்து பார்த்த கறுப்பை இன்று ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமை பேசினார்கள். "என்னுது பாரு, எப்படிக் கறுத்திருக்குது! வெள்ளி கூடுதல்பா!" என் மனைவியும் தன்னுடையதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் எடுத்த பட்டு. அவரைப் பற்றி நான் சொல்லிவந்ததை எல்லாம் அன்று வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

இந்தக் கலவரத்தில் லோகேஸ்வரானந்தா தாம்பாளத்தைப் பொன்னாடைக்குள் மூடிக்கொண்டு பேருந்துப் பக்கம் நழுவினார். தாவீது குழம்புக் கரண்டியோடு வழியில் நின்றார். "எங்க லோகு? தாம்பாளம் கனமா இருக்குதே, நான் புடிக்கட்டா?" சாமியாரின் நாக்கிலிருந்து வடமொழி உதிர்ந்து ஏனாத்தூர் எட்டிப் பார்த்தது. "வுடுண்ணே, சும்மா பத்திரமா வைக்கலாம்னுதான்..." அதற்குள் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தாம்பாளம் கவிழ்ந்தது. அவரவர் மோதிரத்தை அவரவர் தேடி எடுத்தார்கள். சாமியாரைத் தேடி எடுக்க யாரும் குனியவில்லை. அவர் கீழே போகிற ஒரு ஆப்பிள் லாரியில் ஏறி உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

கோதண்டபாணி ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதார். அது நிம்மதியா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அனு அவர் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தாள். முனிரத்தினம் கறுத்த அரைஞாணைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். கடை அவர் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்திருக்கும். இந்தக் கல்யாணமாவது நடந்தால்தான் ஊர் வாயை அடைக்கலாம்.

"சம்பந்தி, தப்பாயிடுச்சு. ஊருக்குப் போன உடனே சுத்த ஜரிகையில வேற பொடவை நெய்யச் சொல்றேன். நீயே நெய்யுப்பா. அனு, நீ சொல்லும்மா. பொடவையை மாத்திட்டா சரிதானே?"

அனு அவருக்குப் பின்னால் நின்ற பாலாஜியைப் பார்த்தாள். அவன் இப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொடவையை மாத்திடலாம் மாமா. நேத்து என்னைப் பாவின்னு சொன்னப்ப இவரு வாயைத் திறக்கல. இன்னைக்கு உங்களைத் திருடன்னு சொன்னப்பவும் திறக்கல. இதை எந்தக் கடையில குடுத்து மாத்தறது?"

பாலாஜி அப்போதுதான் நிமிர்ந்தான். "அனு, நான் இன்னா சொல்றேன்னா..." என்று தொடங்கினான். கேட்பதற்கு அவள் அங்கே இல்லை. அப்பாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு ஆற்றோரம் இறங்கிப் போய்விட்டாள். பனிமலையைப் பார்க்கத்தான். அவ்வளவு தூரம் வந்து அவர்கள் இருவரும் இன்னும் அதைப் பார்க்கவே இல்லை.

ஐயா, அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு பட்டு எடுக்க நாலு கடை ஏறுகிறீர்கள். முந்தியைப் புரட்டுகிறீர்கள், இழையை உருவி எரித்து முகர்ந்து பார்க்கிறீர்கள். உங்கள் பெண்ணைத் தோஷக்காரி என்று ஒருவன் சொல்லும்போது மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் கையைக் கூப்புகிறீர்கள்? அடுத்த தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கறுப்பது யார் முகம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.